குட்டை நீரின் பச்சை அழுக்கல்ல

கொல்லிமலையில் வீட்டுக் கொல்லையில் மீன் குட்டை வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து கண்டு வருகிறேன். குட்டை நீர் பச்சை நிறமாக மாறியதும், 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்று பாதி நீரை இறைத்துக் கொட்டிவிட்டு ஓடைத் தண்ணீரைத் திருப்பி விடுகிறார்கள். கரையோரம் உள்ளதையெல்லாம் தேய்த்துக் கழுவுகிறார்கள். சிலர் குடிநீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் குட்டையிலும் தூவுகிறார்கள். இவ்வளவு பாடுபட்டும் எட்டு மாதம் கழித்துப் பிடித்தால் மீன் கையகலம்கூட இருப்பதில்லை. 'மலைக் குளிருக்கு மீன் வளராது' என்று முடிவு கட்டி, மறு ஆண்டு குட்டை தூர்ந்துபோக விட்டுவிடுகிறார்கள். குளிரின் மேல் பழி போடுவது பாதிதான் நியாயம். மீதிப் பாதி, சுத்தம் என்பதை நாம் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

இப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. மலைமக்கள் மீனைப் பார்த்துப் பழகியது ஓடும் நீரில். அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருவோர் ஐயாற்று மீன்களுக்கு இரை போடுவதை இங்கு அறியாதவர் இல்லை. அறுத்த மீன் மீண்டும் பொருந்தி உயிர் பெற்ற தலம் என்பது கோயிலின் கதை. அத்தகைய ஆற்று நீர் பாறையில் மோதி விழுந்து வருவதால் பிராணவாயு நிறைந்தது. மீனின் கழிவை நில்லாமல் அடித்துக்கொண்டு போகிறது; புழு பூச்சியை மேலிருந்து கொண்டுவந்து தருகிறது. கொல்லைக் குட்டையோ நின்ற நீர். கழிவு வெளியே போகாது. இரை உள்ளே வராது. நாம் போடும் இரண்டு கைப்பிடித் தவிடு போக மீதி உணவு அந்த நீருக்குள்ளேயே விளைய வேண்டும். அப்படி விளையும் பயிர்தான் அந்தப் பச்சை.

கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் பெருகும்போது நீர் பச்சையாகத் தெரிகிறது. வெள்ளிக் கெண்டை இந்தப் பாசியை நேரே வடிகட்டித் தின்கிறது. பாசியைத் தின்னும் நுண்பூச்சிகளைக் கட்லா தின்கிறது. பகலில் வெயில் பட்டால் இதே பாசி பிராணவாயுவையும் நீரில் விடுகிறது. ஆகவே பச்சை நீரை இறைத்துக் கொட்டுவது, முழங்கால் உயரம் வளர்ந்த கேழ்வரகைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிலம் சுத்தமாயிற்று என்று சொல்வதற்கு ஒப்பாகும். மீன் வளராததில் வியப்பில்லை.

பச்சை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணி அளவில், கரையோரம் நின்று கையை நேராக நீருக்குள் விடவும். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து வைத்துக்கொள்ளவும். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் நீர் சரியான நிலையில் இருக்கிறது. மணிக்கட்டு தாண்டியதுமே மறைந்தால் பச்சை மிகுந்துவிட்டது. சாணம் இடுவதை நிறுத்தி, தீவனத்தைப் பாதியாக்க வேண்டும். தோள் அருகே நனைந்தும் உள்ளங்கை தெரிந்தால் அது பட்டினிக் குட்டை. சாணம் இட வேண்டும். மழைக்குப் பின் சிவப்பாகக் கலங்கியிருக்கும்போது இந்தச் சோதனை பயன்படாது. அது மண் கலங்கல். வெயில் புகாததால் பாசியும் வளராது.

பச்சை மிகுந்தால் ஏன் ஆபத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகலில் பிராணவாயு தரும் பாசி இரவில் தானும் அதைச் சுவாசிக்கிறது. அடியில் அழுகும் கழிவும் அதையே இழுத்துக்கொள்கிறது. விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் தலையைத் தூக்கி வாயைப் பிளந்து மேல்மட்டத்தில் நிற்பது அதனால்தான். இரண்டு மூன்று நாள் மூடுபனியும் மேகமும் சேர்ந்து வெயிலே இல்லாது போனால் இதை எதிர்பார்க்கலாம். அப்போது மட்டும் புது நீர் விடுவது சரி. குடத்தை உயரத் தூக்கி ஊற்றுங்கள். மூங்கில் கழியால் மேல் நீரை அடித்துவிடுங்கள். அன்று தீவனம் கூடாது. வெயில் வந்ததும் மீன் கீழே போய்விடும்.

இன்னொரு பாசி உண்டு. கரையோரம் தலைமயிர் போலத் திரிதிரியாகப் படரும் நூற்பாசி. அதுவும் ஆகாயத் தாமரையும் களைதான். மூங்கில் கழியில் சுருட்டி இழுத்து வாழைக்கு மூடாக்காகப் போட்டுவிடலாம். அடியில் வேர்விட்டு வளரும் வேலம்பாசியைப் புல் கெண்டையே தின்றுவிடும். எந்தப் பாசியை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை குறையும்.

அப்படியானால் குட்டையில் அழுக்கு எங்கே இருக்கிறது? அடியில். தின்னாமல் மூழ்கிய தவிடு, மீனின் எச்சம், மேலே நிற்கும் பலா மரத்திலிருந்தும் சில்வர் ஓக்கிலிருந்தும் விழுந்த சருகு, சரிவிலிருந்து வந்த மண் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து கருஞ்சேறாகின்றன. ஒரு கழியை அடியில் குத்திப் பார்த்தால் குமிழி குமிழியாகக் காற்று வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது மீனுக்கு நஞ்சான வாயு. நீரைத் திரும்பத் திரும்ப மாற்றினாலும் இந்தச் சேறு போகாது. இதைப் போக்க ஆண்டுக்கு ஒருமுறை வெயில் வேண்டும்.

நம் மலைக்கு ஏற்ற காலம் பங்குனிக் கடைசியும் சித்திரையும். ஊற்றுகள் குறைந்து குட்டை நீரும் தாழ்ந்திருக்கும். மீனைப் பிடித்துவிட்டு, மீதி நீரை வாழைக்கோ காய்கறிப் பாத்திக்கோ பாய்ச்சிக் குட்டையை முழுதும் காலி செய்யவும். அந்த நீர் எரு கரைந்த நீர். ஓடையில் விடுவது வீண் மட்டுமல்ல, கீழே குடிப்பவர்களுக்குக் கேடும் ஆகும். பிறகு அடிமண் வெடிப்பு விடும்வரை காயப் போடவும். பத்து முதல் பதினைந்து நாள் நல்ல வெயில் போதும். இடையில் கோடை மழை வந்தால் சில நாள் கூடும். காய்ந்த மண்ணை மண்வெட்டியால் மேலாகக் கொத்திப் புரட்டிவிட்டால் அடியில் அடைபட்ட கெட்ட காற்று வெளியேறிவிடும். குஞ்சுகளைத் தின்னும் விரால், கெளுத்தி, நீர்வண்டு, தும்பியின் புழு எல்லாம் காய்ச்சலில் ஒழிந்துபோகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'தூர் வாருகிறேன்' என்று அடியிலுள்ள சேறு முழுவதையும் செம்மண் தெரியும்வரை சுரண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொல்லிமலையின் மண் நீரை எளிதில் கீழே விட்டுவிடும் மண். ஆண்டுக்கணக்கில் படிந்த மென்சேறுதான் அதன் துளைகளை அடைத்து நீரைத் தாங்குகிறது. அதையும் வாரிவிட்டால் ஆடியில் நிரம்பிய குட்டை தையில் வற்றிவிடும். நாற்றமடிக்கும் கறுப்புச் சேற்றை மட்டும் மேலாக வாரி எடுத்து, நான்கு விரற்கடை வண்டலை அடியில் விட்டுவிடவும். எடுத்த சேறு சிறந்த எரு. சமவெளியில் ஏரி வண்டலை வண்டி கட்டி வயலுக்கு அடித்தது போல, மலையில் அதை மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் வாழைக்கும் போடலாம். சில நாள் நிழலில் ஆறவிட்டுப் போடுவது நல்லது.

காய்ந்த பிறகு சுண்ணாம்பு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கொல்லிமலைக் குட்டைக்கு இதைவிட முக்கியமான செலவு வேறில்லை. இது பாக்சைட் வெட்டி எடுத்த மலை. மழை கழுவிய செம்மண்ணில் பெரும்பாலும் அமிலத்தன்மை மிகுந்திருக்கும். அமில நீரில் எத்தனை கூடை சாணம் போட்டாலும் நுண்பாசி சரிவரப் பிடிக்காது. கார அமில நிலை 5-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தால் சென்ட் ஒன்றுக்குச் சுமார் 4 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் இட வேண்டும், 5-க்கும் கீழே போனால் அதைப்போல இருமடங்கு, 6.5-க்கு மேல் இருந்தால் 2 கிலோ போதும். மூன்று சென்ட் குட்டைக்குச் சாதாரணமாக 12 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அடியிலும் உட்கரையிலும் சீராகத் தூவி, ஓரடி நீர் விட்டு ஒரு வாரம் விட்டுவிடவும். அதன் பிறகே சாணம். இரண்டையும் ஒரே நாளில் கலந்து போட்டால் இரண்டுமே வீண். முதல் தடவை சென்டுக்கு 8 கிலோ பச்சைச் சாணம், பிறகு மாதத்துக்கு 3 கிலோ. ஆனால் இந்தக் கணக்கைவிட முன்னே சொன்ன கைச் சோதனை சொல்வதே இறுதி. மார்கழி, தைக் குளிரில் சாணம் மெதுவாகத்தான் மக்கும். அப்போது பாதியாகக் குறைத்துவிடவும்.

காய வைக்கவே முடியாத ஊற்றுக் குட்டை சிலரிடம் உண்டு. அங்கே வேண்டாத மீன்களை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு இடலாம். ஒரு மீட்டர் ஆழ நீருக்குச் சென்டுக்கு 10 கிலோ தேவைப்படும். மூன்று வாரம்வரை நஞ்சு இருக்கும். பிறகு அதுவே எருவாகிவிடும். ஆனால் அந்த மூன்று வாரத்தில் நீர் ஒரு சொட்டுக்கூட ஓடையில் கலக்கக் கூடாது. ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் ஐயாற்றின் மீன்களுக்கு நம் குட்டையால் கேடு வரக் கூடாது. குட்டையின் வழிகாலுக்குச் சன்னக் கண்ணி வலை கட்ட வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். திலேப்பியாவும் சாதாக் கெண்டையும் வெளியூர் மீன்கள். ஓடையில் தப்பிப் போனால் அங்குள்ள மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவர் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மீன்.

குட்டைக்குள் வரக் கூடாதவற்றில் முதலாவது மருந்து. மிளகு வாடல் நோய்க்கு மழைக்கு முன்னும் இடையிலும் போர்டோ கலவை தெளிக்கிறோம். அதிலுள்ள மயில்துத்தம் மீனுக்குக் கடும் நஞ்சு. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மலை நீரில் அதன் கடுமை இன்னும் கூடும். பாசியை ஒழிக்க என்று மயில்துத்தத்தை நேரடியாகக் குட்டையில் கரைப்பவர்களும் உண்டு. பாசியும் போகும், மீனும் போகும். சைபர்மெத்ரின் வகைப் பூச்சிமருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். தெளிப்பானைக் குட்டையில் கழுவுவது என்ற பேச்சே கூடாது. காப்பிப் பழத்தோலும் அதைக் கழுவிய நீரும் புளித்து, பிராணவாயுவை உறிஞ்சிவிடும். உரக் குழிக்குத்தான் அது போக வேண்டும். மரவள்ளித் தோலில் நஞ்சு இருப்பதை மாடு வளர்ப்பவர்கள் அறிவார்கள். மீனுக்கும் அதே நியாயம்தான்.

மரவள்ளியைப் பற்றி இன்னொன்று. சரிவில் மேலும் கீழுமாகக் கொத்தி மரவள்ளி நட்ட காட்டுக்குக் கீழே குட்டை இருந்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் காட்டின் மேல்மண் முழுவதும் குட்டைக்குத்தான் வரும். அதை ஆண்டுதோறும் வாரிக்கொண்டிருப்பது தீராத வேலை. குட்டைக்கு மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி மழை நீரைச் சுற்றிப் போக விடவும். குட்டைக்கு வேண்டிய நீரை மட்டும் இரண்டடி ஆழக் குழி ஒன்றில் தேக்கி, மண் படிந்த பின் உள்ளே விடவும். அந்தச் சிறு குழியைத் தூர் வாருவது அரைமணி வேலை. கரையில் வெட்டிவேர் நட்டால் மண் சரியாது. எலி வளை, நண்டு வளைகளைக் களிமண் வைத்து அடைக்கவும். மரம் கரையில் கூடாது.

தினசரிச் சுத்தம் என்று ஒன்று உண்டானால் அது தீவனத்தில் இருக்கிறது. அடியில் சேரும் அழுக்கில் நாமே போடுவதுதான் பெரும்பங்கு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி பிசைந்து, துளையிட்ட சாக்குப் பையில் கட்டிக் கழியில் தொங்கவிட்டால் மீன் முட்டி முட்டித் தின்னும். மீதியானது கண்ணுக்குத் தெரியும். மீனின் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு ஒரு நாளுக்குப் போதும். அறுபது மீன், ஒவ்வொன்றும் 100 கிராம் என்றால் 6 கிலோ மீனுக்கு 180 கிராமுக்கு மேல் தேவையில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் பையில் மீந்தால் மறுநாள் குறைக்கவும். குளிர் மாதங்களில் மீனுக்குப் பசி குறைவு. அப்போது பழைய அளவையே போடுவது அடியில் சேறு வளர்ப்பதாகும்.

குளிரைத் தாங்கும் மீனுக்கும் குறைவில்லை. சாதாக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கே கொண்டுவரப்பட்டது. சேற்றைக் கிளறித் தின்பது அதன் குணம். அடிக் கழிவைச் செலவழிக்க அது உதவும். ஆனால் எண்ணிக்கை மிகுந்தால் கரையைக் குடைந்து நீரைக் கலக்கிவிடும். பத்தில் மூன்றுக்கு மேல் அது வேண்டாம். புல் கெண்டையும் குளிர் தாங்கும். கட்லாவும் ரோகுவும் மார்கழியில் வளர்ச்சி நின்று, மாசிக்குப் பின் தேறும்.

மண் குட்டைக்குச் சொன்னவை எல்லாம் பாலித்தீன் விரித்த குட்டைக்குப் பொருந்தா. மேகாலயா மாநிலம் உமியத்தில் உள்ள மலைப்பகுதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'ஜல்குண்ட்' என்ற பெயரில் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இப்படியொரு நீர்க் குழியைப் பரப்பியது. 30,000 லிட்டர் கொள்ளும். நீர் இறங்கிவிடும் மலைமண்ணுக்கு நல்ல வழிதான். ஆனால் அதில் மண்வெட்டி படக் கூடாது. வெயிலில் வெறுமனே காயவும் விடக் கூடாது. தென்னை விளக்குமாறால் சேற்றை ஒருபக்கம் கூட்டி, பிளாஸ்டிக் வாளியால் அள்ளி, உடனே நீர் நிரப்ப வேண்டும். அடியில் அரையடி மண் பரப்பி வைத்தால் பாசியும் பிடிக்கும், விரிப்பும் பல ஆண்டு உழைக்கும்.

இனி, என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குட்டை வெட்டப் பணம் தரும் திட்டங்கள் பல வந்திருக்கின்றன. நூறு நாள் வேலைத் திட்டத்திலும் தமிழ்நாட்டில் ஏராளமான பண்ணைக் குட்டைகள் வெட்டப்பட்டன. வெட்டிய குட்டைகளின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறுகிறது. மூன்றாம் ஆண்டு அவற்றில் எத்தனை மீன் தருகின்றன என்று எண்ணுவோர் குறைவு. ஒரு குட்டைக்கு ஆண்டுக்கு வேண்டியது 12 கிலோ சுண்ணாம்பும் இரண்டு நாள் ஆள் வேலையும்தான். புதிதாகப் பத்துக் குட்டை வெட்டும் பணத்தில் ஒன்பது வெட்டி, மீதியைப் பழைய குட்டைகளுக்குச் சுண்ணாம்பாகக் கொடுத்தால் மீன் கூடுதலாகவே கிடைக்கும். இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு மூட்டை சுண்ணாம்பு வருவதற்கு ஆகும் வாடகை, இருபது மூட்டை சேர்ந்து வந்தால் ஒரு வீட்டுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒவ்வொரு நாட்டிலும் குட்டை வைத்திருப்போர் பங்குனியில் கூடிப் பேசி, சேர்ந்து வரவழைத்து, ஒருவர் குட்டைக்கு ஒருவர் கைமாற்று வேலையாக இறங்கலாம். அறுவடைக்கு அப்படி இறங்குவது தெரிந்த ஊர்தானே.

பயிற்சிக்கு ஆண்களை மட்டும் அழைப்பதும் சரியல்ல. கொல்லைக் குட்டைக்குச் சாணம் கரைப்பதும் தவிடு வைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பச்சை மிகுந்ததை முதலில் காண்பவரும் அவரே. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் குட்டையைச் சுற்றி இடுப்பளவு மூங்கில் வேலியும், கரையில் பிடித்து ஏறக் கட்டிய கயிறும் இல்லாமல் ஒரு நாளும் நீர் நிரப்பக் கூடாது. இதை மீன் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்று சென்ட் குட்டையில் சென்டுக்கு இருபது வீதம் அறுபது குஞ்சு விடுகிறோம். நான்கில் மூன்று பிழைத்தால் நாற்பத்தைந்து மீன். ஒவ்வொன்றும் அரைக் கிலோ தேறினால் இருபத்திரண்டு கிலோவுக்கு மேல். ஆடியில் விட்ட மீனை மார்கழி முதல் வாரம் ஒன்றாகப் பிடித்துக் குழம்பு வைத்தாலும் சித்திரைவரை இருபது வாரத்துக்கு வரும். மீதியைக் குட்டை இறைக்கும்போது அக்கம்பக்கத்தில் விற்றால் மறு ஆண்டுக்குச் சுண்ணாம்பும் குஞ்சும் வாங்கப் பணம் கிடைக்கும். கீழிருந்து ஐஸில் வைத்து மலையேறும் மீனை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு, சாமைச் சோற்றோடு வாரம் ஒரு நாள் புது மீன் என்பது சிறிய விஷயமல்ல. சுண்ணாம்பின் அளவு பற்றி ஐயம் இருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். அடிமண் ஒரு கைப்பிடியும் நீர் ஒரு புட்டியும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

குஞ்சு விட ஏற்ற நாள், வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடிப் பதினெட்டை ஒட்டி. விரல் நீளத்துக்குக் குறைந்த குஞ்சு வேண்டாம். கீழிருந்து பிளாஸ்டிக் பையில் வரும் குஞ்சுகள் சமவெளிச் சூட்டு நீரில் இருப்பவை. அவற்றை உடனே மலை நீரில் கொட்டினால் அதிர்ச்சியில் இறந்துவிடும். மாலை வெயில் தாழ்ந்ததும் பையைக் கட்டு அவிழ்க்காமல் குட்டையில் மிதக்க விடுங்கள். இருபது நிமிடம் கழித்து வாயைத் திறந்து, குட்டை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுப் பையைச் சாய்த்துப் பிடித்தால், குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியே போய்விடும்.